கட்டி வைத்த கை

என் மகள் கமலாம்பிகை, ஈஸ்வர வருடம் மார்கழி மாதம் இரண்டாந் திகதி வெள்ளிக்கிழமை முதல் பதின்மூன்றாந் திகதி செவ்வாய்க்கிழமை வரை பன்னிரண்டு நாள் மிஷன் ஆஸ்பத்திரியில் இருந்தாள். அப்போது அவளுக்குப் பத்து மாதம் நிறைய ஏழு நாள் குறைவு. சுரம் இல்லை, வயிற்றோட்டம் இல்லை. நன்றாகப் பால் குடித்துச் சிரித்துக்கொண்டிருந்த பிள்ளையை எதற்காக அங்கே வைத்தார்கள் என்று எங்கள் புத்தூரில் இன்றும் கேட்கிறார்கள். கேட்பவர்களுள் சிலர் கைக்குழந்தையோடு வந்து கேட்கிறார்கள். ஆகவே நடந்ததை ஒழுங்காக எழுதிவைக்கிறேன்.

நான் நொத்தாரிசு. காணி உறுதி எழுதுவது தொழில். திகதி பிழைத்தால் உறுதி பிழைக்கும். அதனால் திகதியில் கவனம் பழக்கமாகிவிட்டது. கமலம் பிறந்த தாது வருடம் மாசி ஒன்பதாந் திகதி சனிக்கிழமையே அவளுக்கென்று ஒரு கொப்பி தொடங்கினேன். அவளுக்கு முன்பு எங்களுக்குப் பிறந்த ஆண்பிள்ளை மூன்று மாதத்தில் தவறிவிட்டது. அந்தப் பயம் எனக்கும் மனைவி சிவபாக்கியத்துக்கும் உள்ளே கிடந்தது. கொழும்பிலிருந்து தபாலில் வருவித்த இங்கிலீசு வைத்தியப் புத்தகம் ஒன்றில், குழந்தை எந்த மாதத்தில் என்ன செய்யும் என்று ஓர் அட்டவணை இருந்தது. தலை நிற்றல், புரளல், உட்காருதல், பொருளை எட்டிப் பிடித்தல் என்று வரிசையாக. அதைத் தமிழில் எழுதி, ஒவ்வொன்றின் எதிரேயும் கமலம் அதைச் செய்த திகதியைக் குறித்தேன். ஒன்றிரண்டு வாரம் முந்தப் பிந்த எல்லாம் சரியாக வந்தன. எட்டிப் பிடிக்கும் என்றுதான் அட்டவணை சொன்னது. எந்தக் கையால் என்று அதில் இல்லை. நானும் யோசிக்கவில்லை.

பிள்ளையின் வலக்கை பெரும்பாலும் மூடியே இருக்கும். குளிக்க வார்க்கும்போது சிவபாக்கியம் அதை விரல் விரலாகப் பிரித்து, உள்ளங்கையில் சேர்ந்த அழுக்கையும் நூலையும் கழுவுவாள். பக்கத்தில் நின்று தண்ணீர் வார்ப்பவர் அவளுடைய தமக்கை பொன்னம்மா. எனக்கு மச்சாள். புருசன் போனபின் எங்களோடு இருப்பவர். பிள்ளையைப் பெற்றவளைவிட அதிக நேரம் தூக்கி வைத்திருப்பவரும் அவரே.

“உவள் பெரிய கஞ்சப்பிசினாறி,” என்று மச்சாள் சிரிப்பார். “உவளின்ரை கையிலை போனது ஒண்டும் திரும்பி வராது. கட்டப் போற மாப்பிளை பாடு கஷ்டந்தான்.”

நாங்களும் சிரித்தோம்.

ஆவணி இருபதாந் திகதி ஞாயிற்றுக்கிழமை பல்லுக்கொழுக்கட்டை அவித்தோம். முதற்பல் முளைத்த பிள்ளையை இருத்தி, தலையில் வெள்ளைத்துணி போட்டு, அதன்மேல் பல்லுப் பல்லாய்த் தேங்காய்ச்சொட்டுக் குத்திய கொழுக்கட்டைகளைச் சொரிவார்கள். பிறகு முன்னே சில பொருள்களைப் பரப்பி, பிள்ளை எதை எடுக்கிறதென்று பார்ப்பார்கள். ஏடு எடுத்தால் படிப்பு, நகை எடுத்தால் செல்வம். கமலத்தின் வலப்பக்கம் புத்தகத்தை வைத்தேன். சங்கிலி இடப்பக்கம் இருந்தது. அவள் வலக்கைக்குக் கிட்டவே இருந்த புத்தகத்தைப் பார்த்தாள். உடம்பு முழுவதையும் திருப்பி, இடக்கையைக் குறுக்கே நீட்டி, அதைப் பிடித்து இழுத்தாள். சனம் கைதட்டியது. ‘முழுதாகத் திரும்பி, இடக்கையால் புத்தகத்தை எடுத்தாள்’ என்று அன்று கொப்பியில் எழுதியிருக்கிறேன். எனக்கு அளவில்லாத சந்தோஷம்.

மச்சாள் மட்டும் முகம் சுளித்தார்.

“படிப்பு இருக்கட்டும். உது இடக்கையெல்லோ. பொம்பிளைப் பிள்ளை. நாளைக்கு இடக்கையாலை சோறு போட்டா ஆர் வந்து சாப்பிடுவினம்? நாலு பேருக்கு முன்னாலை தாம்பூலம் நீட்டேலுமோ?”

“சின்னப் பிள்ளை அக்கா, பேந்து தானா மாறும்,” என்றாள் சிவபாக்கியம்.

மாறவில்லை. ஐப்பசிக் கடைசி வெள்ளிக்கிழமை, முழுக்காட்டிய பின், மச்சாள் பழைய வேட்டியில் கிழித்த மெல்லிய துணியால் பிள்ளையின் இடக்கையை உடம்போடு சேர்த்துக் கட்டி, மேலே சட்டையைப் போட்டார். வலக்கை பழகவேண்டும் என்பதற்காக. நித்திரையில் மட்டும் அவிழ்ப்பார். நான் தடுக்கவில்லை. இடக்கைப் பிள்ளைகளை இப்படித் திருத்துவது நம் பக்கத்தில் புதிதல்ல. மூன்று நாள் அழுதாள். நாலாம் நாள் அழுகை நின்றது. ஒன்றையும் எட்டிப் பிடிக்க முயலாமல் வைத்த இடத்தில் இருந்தாள். வந்தவர்கள் நல்ல பிள்ளை என்றார்கள். நானும் ‘அமைதி’ என்று எழுதினேன்.

ஐந்து வாரம் அப்படிப் போயிற்று.

அந்த மிஷன் ஆஸ்பத்திரியில் வெள்ளிக்கிழமை முற்பகல் சுகமான பிள்ளைகளையும் பார்ப்பார்கள். நிறுத்து, அளந்து, மாதத்துக்கேற்ற வளர்ச்சி இருக்கிறதா என்று சோதிப்பார்கள். பெண்கள் அதற்கு வைத்த பெயர் ‘பிள்ளை நிறுக்கிற நாள்’. நோய் வருத்தமில்லாத பிள்ளையை ஏன் கொண்டுபோக வேண்டும் என்று மச்சாள் தடுத்தார். உண்மையைச் சொல்வதானால், நான் போனது என் கொப்பியைக் காட்டத்தான்.

விறாந்தை வாங்குகளில் உட்கார இடமில்லாமல் தாய்மார். மழை விட்டு ஈரம் காயாத காலை. எங்களுக்குப் பக்கத்தில் வடகரையிலிருந்து வந்த ஒருத்தி, மடியில் துள்ளும் பையனோடு போராடிக்கொண்டிருந்தாள்.

“உங்கடையது எத்தினை மாதம் அக்கா?”

“பத்து,” என்றாள் சிவபாக்கியம்.

“என்ரையும் பத்துத்தான். பாருங்கோ, கடல்லை பிடிச்ச மீன் மாதிரித் துடிக்கிறான். உங்கடை பிள்ளை என்ன, கோயிலுக்கு வந்த ஆள் மாதிரி இருக்கிறா!”

சிவபாக்கியம் சிரித்தாள். ஆனால் அதன்பின் அந்தப் பையனின் இரண்டு கைகளையும் அவள் பார்த்துக்கொண்டேயிருந்ததை நான் கண்டேன்.

நிறுப்பதற்காகச் சட்டையைக் கழற்றியவர் அங்கத்தைய தாதி. எல்லோரும் அவரை மிசி என்பார்கள், சாவகச்சேரிப் பக்கத்தவர்.

“இதென்ன கட்டு? காயமோ?”

“இல்லை மிசி, இடக்கைப் பழக்கம். மாத்திறதுக்கு...” என்று இழுத்தாள் சிவபாக்கியம்.

மிசி கட்டை அவிழ்த்தார். பிள்ளையை நிறுத்தார். எடையைத் தம் கொப்பியில் எழுதினார். பிறகு எங்களை வரிசையில் விடாமல் நேரே உள்ளே கூட்டிப் போனார்.

டொக்டர் அம்மா சீமைக்காரி. பண்டிதர் ஒருவரிடம் தமிழ் படித்தவர்; ஆகையால் அச்சடித்த புத்தகம் போலப் பேசுவார். அவர் செய்த சோதனைகள் எல்லாம் விளையாட்டுப் போலிருந்தன. ஒரு கரண்டியை வலக்கைக்கு நேரே நீட்டினார். கமலம் இடக்கையைக் குறுக்கே கொண்டுவந்து வாங்கினாள். அந்தக் கையில் கரண்டி இருக்கும்போதே சிவப்புக் கட்டை ஒன்றை நீட்டினார். கமலம் கரண்டியைப் போட்டுவிட்டு அதே கையால் கட்டையை எடுத்தாள். பிறகு பிள்ளையின் முகத்தில் ஒரு கைக்குட்டையைப் போட்டார். இடக்கை அதைப் பறித்தது. இடக்கையை மெல்லப் பிடித்துக்கொண்டு திரும்பவும் போட்டார். வலக்கை தோளிலிருந்து சிறிது எழும்பி நின்றது. விரல் திறக்கவில்லை. கைக்குட்டைக்குள்ளிருந்து அழுகை வந்தது.

கடைசியாகப் பிள்ளையை இடுப்பில் பிடித்துத் தூக்கி, மேசையை நோக்கித் தலைகுப்புறச் சடுதியாகச் சரித்தார். “ஐயோ!” என்று சிவபாக்கியம் பாய்ந்தாள். விழப்போகிற பிள்ளை இரண்டு கையையும் விரித்து ஊன்றப் பார்க்கும். அந்த இயல்பு இந்த மாதங்களில் வரவேண்டியது. கமலத்தின் இடக்கை விரிந்து நீண்டது. வலக்கை மடங்கியபடியே இருந்தது.

“இந்தக் குழந்தை இடக்கைக் குழந்தை அன்று,” என்றார் டொக்டர் அம்மா. “ஒரு வயதுக்கு முன்னே எந்தக் குழந்தைக்கும் விருப்பமான கை என்று ஒன்று இராது. இரண்டு கையும் ஒன்றே. ஒரு கையை மாத்திரம் பயன்படுத்தினால், மற்றக் கை இயங்கவில்லை என்று பொருள். இவளுடைய வலக்கை பலவீனமானது. காலையும் பார்க்க வேண்டும். சில நாள் இங்கே இருங்கள்.”

என் கொப்பியைக் கேட்டு வாங்கினார். தமிழ் எழுத்தை மெதுவாக வாசிப்பவர். பக்கம் பக்கமாக விரலை ஓட்டினார். ஐந்தாம் மாதத்திலிருந்தே ‘இடக்கையால்’ என்ற சொல் அங்கங்கே இருந்தது. கிலுக்கு, வெள்ளிக் கிண்ணம், பூனை வால், புத்தகம். எல்லாம் என் எழுத்தில்.

வெளியே வந்தபின் சிவபாக்கியம் சொன்னாள்: “எழுதினியள். எனக்கு ஒருக்கா வாசிச்சுக் காட்டேல்லையே. நான் தண்ணி வார்க்கேக்கை கையைப் பிரிச்சனான், நீங்கள் எழுதினனீங்கள். ரெண்டு பேரும் இருந்து கதைச்சிருந்தா...”

தாய்மார் வாட்டில் சன்னலோரக் கட்டில் கிடைத்தது. தாயும் பிள்ளையும் அங்கே. நான் காலையில் பஸ்ஸில் வந்து மாலையில் திரும்பினேன். முதல் மூன்று நாளும் சோதனைகள். நாடாவால் இரண்டு கையையும் இரண்டு காலையும் அளந்தார்கள். வலக் கெண்டைக்கால் சிறிது மெலிவு. கண்ணுக்குள் விளக்குப் பிடித்துப் பார்த்தார்கள். இரத்தத்திலுள்ள சில நோய்கள் பிள்ளையின் மூளையைத் தாக்கும் என்று என்னிடமும் சிவபாக்கியத்திடமும் பிள்ளையிடமும் இரத்தம் எடுத்துக் கொழும்புக்கு அனுப்பினார்கள். பிரசவத்தைப் பற்றிக் கேட்டார்கள். இரண்டு பகல் ஒரு இரவு வலி இருந்ததையும், பிள்ளை பிறந்தவுடன் அழாததையும் சொன்னோம். மூளையின் இடப்பாதி உடம்பின் வலப்பாதியை நடத்துகிறது. பிறக்கும்போதோ அதற்கு முன்னோ அந்தப் பாதியில் ஓரிடம் பழுதாகியிருக்கலாம், பழுது சிறியது, இனி அது பெருகாது என்று டொக்டர் அம்மா விளக்கினார். மருந்து இல்லை என்றும் அப்போதே சொல்லிவிட்டார்.

நான் கேட்க நினைத்ததை மூன்று நாள் கேட்கவில்லை. அறிந்த வீடு ஒன்றில், கை கால் இழுத்த பிள்ளை ஒன்று பேச்சும் அறிவும் இல்லாமலே வளர்ந்ததைக் கண்டிருக்கிறேன். திங்கட்கிழமை கேட்டேன்.

“புத்தி எப்படியிருக்கும், டொக்டர் அம்மா?”

அவர் கரண்டியை எடுத்துக் கமலத்துக்குக் காட்டி, அவள் பார்த்திருக்கும்போதே ஒரு துவாய்த் துண்டுக்குக் கீழே ஒளித்தார். கமலம் அவருடைய முகத்தைப் பார்த்தாள். துவாயைப் பார்த்தாள். இடக்கையால் துவாயை இழுத்தெறிந்து கரண்டியை எடுத்து, வெற்றியோடு கட்டில் சட்டத்தில் அடித்தாள். வாட்டில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள்.

“காணாத பொருள் இல்லாமற் போகவில்லை என்று இவள் அறிந்திருக்கிறாள்,” என்றார். “இது நல்ல அடையாளம். ஆனால் நான் நிச்சயம் கூற இயலாது. பேச்சு வரும்வரை காத்திருங்கள்.”

அந்த ‘காத்திருங்கள்’ எங்களுடன் மூன்று வருடம் வாழ்ந்தது.

மச்சாள் முதல்தடவை வந்தது அந்தத் திங்கட்கிழமைக்கு முந்திய நாள், ஞாயிற்றுக்கிழமை. திருவெம்பாவைப் பூசை முடிந்த மறுநாள். இடியப்பமும் சொதியும் கொண்டு வந்தார். பிள்ளையின் இடக்கை அவிழ்ந்திருப்பதைக் கண்டதும் சாப்பாட்டுப் பெட்டியை வைக்குமுன்பே தொடங்கிவிட்டார்.

“ஏன் அவிட்டு விட்டனீங்கள்? அஞ்சு கிழமை பட்ட பாடு எல்லாம் வீண்!”

சிவபாக்கியம் என்னைப் பார்த்தாள். மிசிதான் சொன்னார், சுற்றி வளைக்காமல்.

“அம்மா, பிள்ளைக்கு வேலை செய்யிற கை அது ஒண்டுதான். அதையெல்லோ கட்டி வைச்சிருந்தனீங்கள்.”

மச்சாள் வாங்கில் இருந்துவிட்டார். “நான் கட்டினனான்,” என்றார் பிறகு. “நல்லதுக்கெண்டு கட்டினனான். அவளும் ஒண்டும் சொல்லேல்லையே.” பத்து மாதப் பிள்ளை என்ன சொல்லும்? ஆனால் அந்த நேரத்தில் அதில் ஒருவரும் குற்றம் காணவில்லை. கமலம் அவர் முந்தானையை இழுத்தாள். அவர் அவளைத் தூக்கி இடுப்போரம் ஒக்கலையில் வைத்துக்கொண்டு அழுதார்.

மிசி அவர் தூக்கிய விதத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“எப்பவும் இந்தப் பக்கந்தானோ?”

“ஓம். இல்லாட்டி எப்பிடி வேலை செய்யிறது?”

நம் பெண்கள் பிள்ளையை இட ஒக்கலையில் வைப்பார்கள். வலக்கை வேலைக்கு வேண்டும். அப்படி இருக்கும் பிள்ளையின் இடக்கை முன்னே விளையாடும். வலக்கை தூக்கியவளின் முதுகுப்பக்கம் அகப்பட்டுக்கொள்ளும். இதை மிசி பிள்ளையைத் தானே இரண்டு பக்கமும் மாறி மாறித் தூக்கிக் காட்டியபோதுதான் நாங்கள் கண்டோம். முப்பத்தெட்டு வயதுவரை நான் அதைக் காணவில்லை.

“இனி வலப்பக்கம் வையுங்கோ. வலக்கை முன்னுக்கு வரட்டும். கிலுக்கை, பணியாரத்தை அந்தக் கைக்குக் கிட்டக் காட்டுங்கோ. விளையாடுற நேரம் கொஞ்ச நேரம், இடக்கையை நீங்கள் உங்கடை கையாலை பிடிச்சிருக்கலாம். கட்டக் கூடாது. அழுதா விட்டிட வேணும்.”

“அப்ப என்ரை வலக்கை?” என்றார் மச்சாள்.

“உங்கடை இடக்கையாலை வேலை செய்யுங்கோ,” என்றார் மிசி.

மச்சாள் அவரை முறைத்துப் பார்த்தார். பிறகு சிவபாக்கியம் சிரிக்க, அவருக்கும் கண்ணீரோடு சிரிப்பு வந்தது.

அதன்பின் அவர் நாள்தோறும் வந்தார். மிசி கை பிடித்துக் காட்டியபடி, எண்ணெய் தடவி, தோளிலிருந்து விரல்வரை நீவி, மூடிய பெருவிரலை உள்ளங்கையிலிருந்து மெல்ல வெளியே எடுக்கப் பழகினார். இழுத்தால் கை இன்னும் இறுகும். அது இளகும்வரை பொறுக்கவேண்டும். பொறுமைக்குப் பெயர்போனவர் அல்லர் மச்சாள். ஆனாலும் அந்தக் கட்டிலோரத்தில் அரைமணி நேரம் ஒரு பெருவிரலோடு இருந்தார்.

கிறிஸ்து பிறந்த நத்தார்ப் பண்டிகை வந்ததால் கொழும்பிலிருந்து மறுமொழி பிந்தியது. தாதிமார் வாட்டுக்கு வாட்டு பாட்டுப் பாடி, பிள்ளைகளுக்குக் காகிதப் பூக் கொடுத்தார்கள். கமலம் பூவைத் தின்னப் பார்த்தாள். அடுத்த திங்கட்கிழமை மறுமொழி வந்தது: மூவரின் இரத்தத்திலும் ஒன்றுமில்லை. அடுத்தநாள் வீட்டுக்கு விட்டார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிள்ளை நிறுக்கிற நாளில் வரச் சொன்னார் டொக்டர் அம்மா.

வீட்டில் நடந்தது மெதுவான வேலை; எழுதச் சுவாரசியமில்லாதது. இரண்டு பெண்களும் பிள்ளையை வல ஒக்கலைக்கு மாற்றினார்கள். சிவபாக்கியம் இடக்கையால் தேங்காய் துருவிப் பழகினாள்; விரல் வெட்டுப்பட்டது. மச்சாள் இடக்கையால் அகப்பை பிடித்தார், முதல் மாதம் அடுப்படி முழுவதும் கறி. அதைக் கண்டு பேசிய அயலவர்களுக்கு அவர் கொடுத்த மறுமொழிகளை இங்கே எழுதமுடியாது. பதினான்காம் மாதத்தில் கமலத்தின் வலக்கை பணியாரத்தை மூடிப் பிடித்தது. விடத் தெரியவில்லை. விடப் பழக இன்னும் எட்டு மாதம் எடுத்தது. பத்தொன்பதாம் மாதம் நடந்தாள், வலக்குதி நிலத்தில் முழுதாகப் படாமல். இன்றும் ஓடும்போது அது தெரியும். பேச்சு பிந்தியது. இரண்டு வயது வரை ஐந்தாறு சொல். அந்த மாதங்களில் டொக்டர் அம்மா எங்களை ஆறுதல்படுத்தவுமில்லை, பயப்படுத்தவுமில்லை. ஒவ்வொரு முறையும் சோதித்து, காத்திருங்கள் என்றார். பிறகு சொல்லோடு சொல் சேர்ந்தது. ஆனாலும் அது எவ்வளவு தூரம் போகும் என்று எங்களுக்குத் தெரியவில்லை. வீட்டுக்குள் கேட்பது வேறு. நாலு பேர் முன்னே பிள்ளை வாய் திறக்காது.

விக்கிரம வருடம் விசயதசமியன்று ஏடு தொடக்கக் கோயிலுக்குக் கூட்டிப் போனோம். அவளுக்கு மூன்று வருடமும் ஏழு மாதமும். ஊர்ப் பிள்ளைகள் வரிசையாக இருந்தார்கள். ஐயர் ஒவ்வொரு பிள்ளையின் வலக்கைச் சுட்டுவிரலையும் பிடித்து, தாம்பாளத்துப் பச்சையரிசியில் அகரம் எழுதுவித்து வந்தார். முதல்நாளே ஐயரிடம் சொல்லிவைக்கலாம் என்றேன். “சொன்னா ஊருக்கே சொன்ன மாதிரி,” என்று மச்சாள் தடுத்துவிட்டார். அந்த விரலைப் பிடித்தால் எப்படியும் ஓர் எழுத்து எழுதலாம் என்பது அவருடைய எண்ணம். ஒரு கிழமையாக அதற்காகவே நீவியிருந்தார்.

எங்கள் முறை வந்தது. ஐயர் வலக்கையைப் பிடித்தார். சனத்தைக் கண்ட பயத்தில் அது கல்லாக இறுகியது. அவர் விரலை நிமிர்த்தப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பின்னால் பேச்சு நின்றது.

“அது பிடிக்கிற கை, ஐயா,” என்றாள் கமலம். எல்லோருக்கும் கேட்கும்படி, ஒரு விவரம் தெரியாதவருக்குச் சொல்வதுபோல. “எழுதிற கை இது.”

இடக்கையை நீட்டினாள்.

ஐயர் “சரி பிள்ளை,” என்று இடக்கைச் சுட்டுவிரலைப் பிடித்து எழுதத் தொடங்கினார். சுழி பெரிதாய் வந்தது. அரிசி சிதறியது. அவள் உடம்பு முழுவதும் அந்த விரலில் சாய்ந்திருந்தது. வலக்கை, யாரும் சொல்லாமலே, தாம்பாளத்தின் விளிம்பைப் பற்றியிருந்தது. தாம்பாளம் அசையவில்லை.